சின்ன விமானத்தில் நாயோடு போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் எடுத்து, நான்கு இருக்கை விமானங்களைச் சொந்தமாகவோ வாடகைக்கோ ஓட்டும் வாசகர்கள் பலர் வளர்ப்பு நாயை உடன் அழைத்துப் போவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் தருகிறோம். ஏர்லைன்ஸ் விமானங்களின் நடைமுறை வேறு. இங்கே பேசுவது நீங்களே ஓட்டும் செஸ்னா, பைப்பர் வகை விமானங்களைப் பற்றி மட்டும்.

எங்கள் லாப்ரடாரை செஸ்னா 172-இல் ஏற்றிப் போக அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ-யிடம் அனுமதி வாங்க வேண்டுமா? – டாலஸ் வாசகர்

வேண்டாம். தனியார் பயணங்களுக்கான 91-ஆம் பாக விதிகளில், வளர்ப்பு நாயை ஏற்றுவதற்கென்று தனி விதி இல்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஆகிவிடாது. விமானத்தின் பாதுகாப்புக்கு இறுதிப் பொறுப்பு விமானிக்கே (91.3), கையேட்டின் வரம்புகளை மீறக்கூடாது (91.9), கவனக்குறைவாக ஓட்டக்கூடாது (91.13) என்ற பொது விதிகள் அப்படியே பொருந்தும். நாய் ரட்டர் மிதிக்கு (விமானத்தின் திசையைத் திருப்பும் கால் மிதி) அடியில் புகுந்து விமானம் ஓடுபாதையை விட்டு விலகினால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வாடகை விமானம் என்றால் முதலில் கேட்க வேண்டியது உரிமையாளரிடம். பல ஃபிளையிங் கிளப்புகள் விலங்குகளை அனுமதிப்பதில்லை. அனுமதிப்பவர்களும் கூண்டில் வைக்க வேண்டும், முடி ஒட்டினால் சுத்தம் செய்யும் செலவு உங்களுடையது என்று நிபந்தனை வைக்கலாம். வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உங்கள் காப்பீட்டில் விலங்கு பற்றி விலக்கு ஏதும் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

நாயோடு பறப்பதில் எது பெரிய ஆபத்து? குலுக்கலா, உயரமா? – ஹூஸ்டன் வாசகி

இரண்டும் இல்லை, ப்ரொப்பெல்லர்தான். வானத்தில் நாய்க்கு நேரக்கூடியதைவிட, தரையில் கதவு திறக்கிற அரை நிமிடத்தில் நேரக்கூடியது கொடியது. சுற்றும் ப்ரொப்பெல்லர் மனிதக் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நாய்க்கு அது என்னவென்றே தெரியாது.

இரண்டு மணி நேரம் அடைந்து கிடந்த நாய், எஞ்சின் சத்தம் குறைந்ததும் எழுந்து நிற்கும். அதற்கு அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். வெளியே நண்பரோ பாட்டியோ நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் நிற்பது பெரும்பாலும் விமானத்தின் முன்பக்கம். கதவு திறந்த கணத்தில் நாய் அந்தக் குரலை நோக்கி நேராக ஓடும். ஆகவே வரவேற்க வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: விமானத்துக்குப் பக்கவாட்டில், இறக்கையின் நுனிக்கும் அப்பால் நிற்க வேண்டும். நீங்கள் கையசைக்கும்வரை நாயின் பெயரைச் சொல்லவே கூடாது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது நாயை ஏற்றுவதோ இறக்குவதோ எக்காரணம் கொண்டும் வேண்டாம். மிக்ஸ்சர் (எஞ்சினுக்கு எரிபொருளை நிறுத்தும் குமிழ்) முழுதும் பின்னால், ப்ரொப்பெல்லர் நின்றது, மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) ஆஃப், மாஸ்டர் (மின்சார சுவிட்ச்) ஆஃப், சாவி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கண்ணாடிக்குக் கீழே உள்ள மேடையில். அதன் பிறகு நாயின் வாரை ஒருவர் கையில் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் கதவு. இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். நின்றுவிட்ட ப்ரொப்பெல்லரிலும் நாய் உரசக்கூடாது, வாரும் சிக்கக்கூடாது. மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பிளேடு அசையும்போது எஞ்சின் ஒரு முறை உதைக்கக்கூடும்.

ஏற்றும்போது நீங்கள் விமானத்தைச் சுற்றிவந்து சோதித்து முடிக்கும்வரை நாய் வேறொருவர் கையில், நிழலில் இருக்கட்டும். ஒரு கையில் வாரையும் மறு கையில் எரிபொருள் அளக்கும் குச்சியையும் வைத்துக்கொண்டு செய்யும் சோதனை சோதனையே அல்ல. கயிறுகளை அவிழ்த்து, பெட்டிகளை ஏற்றிய பிறகு நாய் ஏறட்டும். கொக்கி மாட்டியதைக் கையால் இழுத்துப் பார்த்து, கதவைப் பூட்டிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பைப்பர் செரோக்கி போன்ற தாழ் இறக்கை விமானத்தில் கதவு ஒன்றுதான், அதுவும் வலது பக்கம் இறக்கைக்கு மேலே. நாய் இறக்கையில் ஏற வேண்டும். சொரசொரப்பான கருப்புப் பட்டையை விட்டு நகம் வெளியே போனால் சறுக்கும், பெயிண்டும் கீறும். ஃபிளாப் (இறக்கையின் பின் ஓரத்தில் கீழே இறங்கும் தகடு) முழுதும் மேலே மடங்கிப் பூட்டிய நிலையில் மட்டுமே எடையைத் தாங்கும். இறங்கிய நிலையில் காலை வைத்தால் அது கீழே போகும், நாய் மிரண்டுவிடும். முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் இங்கே மிக உதவும்: ஒருவர் மேலிருந்து பிடிக்க, ஒருவர் பின்புறத்தைத் தூக்கிவிடலாம்.

முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்காரவைக்கலாமா? அது சமத்து நாய். – சான் ஹோசே வாசகர்

வைக்காதீர்கள். நாய் எவ்வளவு சமத்து என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. தரையிறங்கும் கடைசி வினாடிகளில் யோக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) வயிற்றுவரை இழுக்க வேண்டியிருக்கும். உங்கள் யோக்கும் வலப்பக்க யோக்கும் சேர்ந்தே நகரும். அங்கே 30 கிலோ நாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், வலப்பக்க யோக் அதன் மார்பில் முட்டி நிற்கும், உங்களுடையதும் பாதியில் நின்றுவிடும்.

செஸ்னா 172-இல் டிரிம் சக்கரமும் (மூக்கு ஏறாமல் இறங்காமல் சமன் செய்வது) எரிபொருள் செலக்டரும் (எந்த டேங்கிலிருந்து எரிபொருள் என்று தேர்ந்தெடுப்பது) முன் இருக்கைகளுக்கு நடுவே, நாயின் பாதம் எட்டும் இடத்தில் இருக்கின்றன. பழைய செரோக்கியில் அதே இடத்தில் ஃபிளாப் நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நாய்க்குப் பின் இருக்கைதான், அதிலும் வலது பக்கம். அங்கேயென்றால் நீங்கள் திரும்பிப் பார்த்தால் கண்ணில் படும்.

கட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். கழுத்துப்பட்டையில் மட்டும் கட்டினால், பலமான குலுக்கலில் நாய் கழுத்தில் தொங்கும். மார்பைச் சுற்றி அகலமான பட்டை உள்ள ஹார்னஸ் போட்டு, விமானத்தின் சீட் பெல்ட்டை அதன் வளையம் வழியாகக் கோத்து மாட்டுங்கள். ஸ்லீப்பிபாட் நிறுவனத்தின் கிளிக்கிட் போன்ற, கார் மோதல் சோதனைக்கு உட்பட்ட ஹார்னஸ்களே நல்லவை. வார் நீளம் நாய் படுக்கவும் எழுந்து உட்காரவும் போதுமானதாக இருந்தால் சரி, முன் இருக்கைகளுக்கு நடுவே தலை நுழையும் அளவுக்கு வேண்டாம். கூண்டு வைப்பதானால் கூண்டையும் கட்ட வேண்டும். கட்டாத கூண்டு மோதலில் உங்கள் முதுகில்தான் வந்து விழும்.

எடைக் கணக்கில் நாயை எப்படிச் சேர்ப்பது? – அட்லாண்டா வாசகர்

எடை போட்டுச் சேர்க்க வேண்டும். 'சுமார் அறுபது பவுண்டு இருக்கும்' என்பது கணக்கில் சேராது. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். ஹார்னஸ், தண்ணீர், கூண்டு எல்லாவற்றையும் சேருங்கள். மடக்கும் பெரிய கம்பிக் கூண்டு ஒன்றே 30 பவுண்டுக்கு மேல் வரக்கூடும்.

செஸ்னா 172-இன் ஒரு வகையான 172எஸ் கணக்கை எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 1,690 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் விமானத்தின் எண்ணை அதன் தாளில் பாருங்கள்). முன்னால் இருவர் 310, பின் இருக்கையில் நாய் 70, பெட்டி 40, நிறைந்த டேங்க் 53 காலன், காலனுக்கு 6 பவுண்டு வீதம் 318. மொத்தம் 2,428. வரம்பு 2,550. எடை சரி.

அடுத்து, நாய் இடம் மாறினால் என்ன ஆகும்? எடைக் கணக்குக்கான குறிப்புக் கோட்டிலிருந்து பின் இருக்கையின் தூரம் 73 அங்குலம், பெட்டிப் பகுதியின் தூரம் 95 அங்குலம். 70 பவுண்டு நாய் பின்னால் தாவினால் 70 × 22 = 1,540. அதை 2,428-ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் சுமார் 0.6 அங்குலம் பின்னால் நகர்கிறது. முழு எடையில் ஈர்ப்பு மையத்துக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை அதே கோட்டிலிருந்து 41 அங்குலம் முதல் 47.3 அங்குலம் வரை, அதாவது ஆறு அங்குலத்துக்குச் சற்றே அதிகம். அதில் பத்தில் ஒரு பங்கை நாய் ஒரே தாவலில் நகர்த்திவிடுகிறது. நீங்கள் ஏற்கெனவே பின் எல்லையை ஒட்டி ஏற்றியிருந்தால், இந்தத் தாவலில் எல்லை தாண்டிவிடும். கட்டி வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

172எஸ்-இன் பெட்டிப் பகுதி இரண்டும் சேர்ந்து தாங்குவது 120 பவுண்டு. இரண்டு லாப்ரடார்களை அங்கே படுக்கவைக்கலாம் என்ற யோசனை இந்த எண்ணிலேயே அடிபட்டுப் போகும். பின் இருக்கையைக் கழற்றித் தரையில் இடம் பண்ணுகிறவர்கள், இருக்கை இல்லாத நிலைக்கான புதிய எடைத்தாளை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி விமானத்தில் வைத்திருக்க வேண்டும். வெறும் தரையில் படுக்கும் நாயைக் கட்டுவதற்கும் உறுதியான வளையம் வேண்டும். அதையும் அவரிடமே கேளுங்கள்.

நமக்கு ஹெட்செட் இருக்கிறது, நாயின் காதுக்கு? – சியாட்டில் வாசகி

கட்டாயம் பாதுகாப்பு வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானத்துக்குள் சத்தம் 90 டெசிபல் அளவில் இருக்கும். நாய்க்கு நம்மைவிடக் கூர்மையான காது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும் கேட்கும் திறன் நாய்க்கு 45,000 வரை போகிறது. நாய்களுக்கென்றே 'மட் மஃப்ஸ்' போன்ற காது மூடிகள் கிடைக்கின்றன. காதுமடல் தட்டையாக உள்ளே மடங்கி, காதுத்துளை முழுதும் மூடும் அளவை வாங்குங்கள். தாடைக்கு அடியில் போகும் பட்டைக்குள் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கிவிட்டால் நாய் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது, வெப்பமும் வெளியேறாது.

வாங்கிய அன்றே விமானத்தில் மாட்டினால் இரண்டே நிமிடத்தில் காலால் தட்டி எறிந்துவிடும். வீட்டில் தின்பண்டம் கொடுத்து முதலில் அரை நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், பிறகு சாப்பாட்டு நேரம் முழுதும் என்று பழக்குங்கள். காதில் பஞ்சு வைப்பது போதாது. அது உள்ளே நழுவினால் எடுப்பதும் கஷ்டம்.

காரிலேயே வாந்தி எடுக்கிற நாய். தூக்க மருந்து கொடுக்கலாமா? – சிகாகோ வாசகி

தூக்க மருந்து வேண்டாம். விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து கொடுப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ரத்த அழுத்தம் இறங்கும், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திறன் குறையும், குலுக்கலில் கால் ஊன்றி நிற்கவும் முடியாது. ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களால், நாய் தூங்குகிறதா மூச்சுக்குத் திணறுகிறதா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது.

வாந்திக்குத் தனி மருந்து உண்டு: மரோபிட்டன்ட், செரினியா என்ற பெயரில் வருவது. தூக்கம் வரவைப்பது அதன் வேலை அல்ல, வாந்தியைத் தடுப்பதுதான். மருத்துவர் சீட்டு வேண்டும். பலர் தவறுவது அளவில்தான். சாதாரண வாந்திக்கு எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், பயண வாந்திக்கு 8 மில்லிகிராம். முன்பு வயிற்றுக் கோளாறுக்கு வாங்கி மீந்த மாத்திரையை அதே அளவில் கொடுத்துவிட்டு, 'மருந்து வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. 30 கிலோ நாய்க்குப் பயண அளவு 240 மில்லிகிராம் வரும். கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு, மிகச் சிறிதளவு உணவோடு, நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும். நான்கு மாதம் ஆகாத குட்டிக்குக் கூடாது. உங்கள் நாய்க்குப் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முழுச் சாப்பாடு பறப்பதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே முடிந்துவிடட்டும். தண்ணீரை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். கோடையில் பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏறக் கீழ்க்காற்று குலுக்கத் தொடங்கும். மருந்து கொடுப்பதைவிடக் காலைக் காற்றில் பறப்பது பல நாய்களுக்கு அதிகம் உதவும்.

டென்வரிலிருந்து யூட்டா போக வேண்டும். 12 வயது பீகிள். எவ்வளவு உயரம்வரை ஏறலாம்? – டென்வர் வாசகர்

மனிதர்களுக்கு விதி உண்டு. கேபின் அழுத்த உயரம் 12,500 அடிக்கு மேல் 14,000 வரை அரை மணிக்கு மேல் நீடித்தால் விமானி ஆக்சிஜன் எடுக்க வேண்டும். 15,000-க்கு மேல் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆக்சிஜன் ஏற்பாடு வேண்டும். நாய்க்கு எண் எதுவும் எழுதப்படவில்லை. எங்கள் ஆலோசனை இது: ஆரோக்கியமான நாய் என்றால் 10,000 அடிக்குள். வயதானது, இதயக் கோளாறு உள்ளது, பக், புல்டாக், ஃபிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் என்றால் 8,000-க்குள். பயணிகள் ஜெட் விமானத்தின் கேபினையும் 8,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தத்துக்குள் வைத்திருப்பதே வழக்கம்.

ராக்கி மலைகளின் மேல் நேராக மேற்கே போனால் இந்த எண்ணுக்குள் அடங்காது. 12 வயது பீகிளுக்காக வடக்கே வயோமிங் வழியாகத் தாழ்ந்த நிலத்தைச் சுற்றிப் போவதே நல்லது. அங்கேயும் தரையே ஏழாயிரம் அடியை ஒட்டி இருப்பதால், கிளம்பும் முன் இதயத்தைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். மருத்துவர் தயங்கினால் நாயை வீட்டில் விட்டுப் போங்கள். விலங்குகளுக்கான கூம்பு வடிவ ஆக்சிஜன் முகமூடிகள் உண்டுதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஈறு இளஞ்சிவப்பிலிருந்து சாம்பல் கலந்த நீலமாக மாறினால் உடனே கீழே இறங்குங்கள்.

இறங்கும்போது நமக்குக் காது அடைக்கிறதே, நாய்க்கு? – பாஸ்டன் வாசகி

அதற்கும் அடைக்கும். தலையை உதறுவது, காதைத் தரையில் தேய்ப்பது, முனகுவது எல்லாம் அடையாளம். இறங்கும் வேகத்தைக் குறையுங்கள். வழக்கமான நிமிடத்துக்கு 500 அடிக்குப் பதில் 300 அடி. 8,500 அடியிலிருந்து 1,500-க்கு வர 23 நிமிடம் ஆகும். தரைவேகம் 120 நாட் என்றால் சுமார் 47 கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர் சிறு சிறு துண்டாகத் தின்பண்டம் கொடுத்துக்கொண்டே வந்தால், நாய் விழுங்க விழுங்கக் காது திறக்கும். காதில் சீழோ தொற்றோ இருக்கும் வாரத்தில் கூட்டிப் போக வேண்டாம்.

காது அடைப்புக்காக நீங்கள் மெல்லும் சூயிங் கம் சர்க்கரை இல்லாததா என்று பாருங்கள். அதில் சைலிட்டால் இருந்தால் நாய்க்கு விஷம்: ரத்தச் சர்க்கரை சட்டென விழும், கல்லீரலும் கெடும். கம் பாக்கெட்டை இருக்கைப் பையில் வைக்காதீர்கள், நாயின் மூக்கு அங்கேதான் போகும். வேர்க்கடலை வெண்ணெய் கொடுப்பவர்களும் லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அரிசோனா வெயிலில் என்ன செய்வது? – ஃபீனிக்ஸ் வாசகர்

ஜூன், ஜூலை பகல் என்றால் கூட்டிப் போகாதீர்கள். பெரும்பாலான 172-களில் ஏசி கிடையாது. கண்ணாடிகளால் ஆன கேபின் வெயிலில் நிற்கும்போது காரைவிடச் சீக்கிரம் சூடேறும். மூடிய காரிலேயே பத்து நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்வை இல்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சப்பை மூக்கு நாய்களால் அதுவும் சரியாக முடியாது.

மேலே போனால் குளிரும், உண்மைதான். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குறையும். தரையில் 38 டிகிரி என்றால் 7,000 அடி மேலே 24 டிகிரி. ஆனால் டாக்ஸி (தரையில் ஓடுபாதைவரை உருண்டு போவது), எஞ்சின் சோதனை, முன்னால் நிற்கும் நான்கு விமானங்களுக்குப் பின் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் தரையிலேயே கழியும். ஆபத்து அந்த இருபது நிமிடத்தில்தான். விடியற்காலையில் புறப்படுங்கள். எஞ்சின் சோதனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாய் ஏறும் முன் முடியுங்கள். கேபின் ஜன்னல்களில் வெயில் மறைப்பு வைத்திருங்கள். ஈரத் துணியை வயிற்றிலும் கால் இடுக்கிலும் போடலாம். தார்த் தரையில் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் அங்கே படக்கூடாது, தூக்கிப் போங்கள்.

கெட்டியான எச்சில், செங்கல் நிற ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் அது வெப்பத்தாக்கு. மேலே இருந்தால் எல்லாக் காற்றுத்துளைகளையும் நாயின் பக்கம் திருப்பி, உடலை நனைத்து, அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்குங்கள். தரையில் இருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீர் ஊற்றியபடி மருத்துவரிடம் ஓடுங்கள்.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் போதும்தானே? – மினசோட்டா வாசகர்

ஹீட்டர் போடும் முன் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த விமானங்களின் ஹீட்டர், எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறையில் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புகிறது. எக்ஸாஸ்டில் விரிசல் விழுந்தால் அந்தப் புகை நேராக கேபினுக்குள் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நிறம் மாறும் அட்டைப் புள்ளிகளை நம்பாதீர்கள், ஒலி எழுப்பும் எலக்ட்ரானிக் கருவி வையுங்கள். நாய் திடீரென்று துவண்டு கிடந்தால், 'நல்லாத் தூங்குது' என்று நினைக்கும் முன் அந்தக் கருவியைப் பாருங்கள். ஆபத்து என்றால் ஹீட்டரை மூடி, வெளிக்காற்றைத் திறந்து இறங்க வேண்டும். அந்தக் காற்றை நீங்களும்தான் சுவாசிக்கிறீர்கள்.

முதல் முறை எப்படிப் பழக்குவது? – ஆஸ்டின் வாசகி

நிறுத்தி வைத்த விமானத்தில், கதவு திறந்த நிலையில், உள்ளே சாப்பாடு கொடுங்கள். அதை இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். பிறகு காது மூடியோடு, எஞ்சினை ஓட்டி டாக்ஸி மட்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு சுற்று, இருபது நிமிடத்துக்குள், காற்று அசையாத காலையில். நடுங்கினாலோ வாயிலிருந்து எச்சில் ஒழுகினாலோ முந்தைய படிக்குத் திரும்புங்கள். எஞ்சின் ரீங்காரம் பழகியதும் பெரும்பாலான நாய்கள் மேலே போய்த் தூங்கிவிடும்.

முதல் சில பயணங்களில் நாயைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும். விமானி பின்னால் திரும்பி நாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டே ஓட்டக்கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அவசர நிலையில் கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானத்தில் எத்தனை உயிர்கள் என்று கேட்டால், நாயையும் சேர்க்க வேண்டுமா? – ஓஹாயோ வாசகர்

மனிதர்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், நாயைத் தனியாகச் சொல்லுங்கள்: 'இருவர், கூடவே ஒரு நாய்'. எண்ணிக்கையில் கலந்துவிட்டால், மீட்க வருபவர்கள் இல்லாத மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சொல்லாமலே விட்டால் பயந்த நாய் ஒன்று உள்ளே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆதரவற்ற நாய்களை விமானத்தில் கொண்டு சேர்க்கும் தொண்டு அமைப்பு இருக்கிறதாமே? அதற்குக் காசு வாங்கலாமா? – வட கரோலினா வாசகர்

பைலட்ஸ் என் பாஸ் என்ற அமைப்பு 2008-இல் தென் கரோலினாவில் தொடங்கியது. காப்பகங்களில் நெரிசலில் இருக்கும் நாய்களை, தத்தெடுப்பவர்கள் இருக்கும் ஊருக்குத் தன்னார்வ விமானிகள் சொந்தச் செலவில் கொண்டுபோகிறார்கள். தனியார் உரிமம் உள்ளவர் கூலிக்கு ஏற்றிப் போகக்கூடாது (61.113). பயணிகளோடு எரிபொருள் செலவைப் பகிரலாம் என்ற சலுகையை நீட்டி, நாயின் உரிமையாளரிடம் எரிபொருள் காசு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், உரிமமே போகும். அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்புக்காகச் செய்த எரிபொருள் செலவை வரிக் கணக்கில் காட்டும் வழி உண்டு. உங்கள் வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

இந்த நாய்களை உங்களுக்குத் தெரியாது, உங்களை அவற்றுக்கும் தெரியாது. எனவே ஹார்னஸ் போதாது, கூண்டு வேண்டும். கழுத்திலிருந்து நழுவாத சுருக்கு வார் கையில் இருக்கட்டும். மாநில எல்லை தாண்டுவதால் மருத்துவரின் உடல்நலச் சான்றும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் கையில் வாங்காமல் ஏற்றாதீர்கள்.

ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸ் போய்த் திரும்ப என்ன காகிதம் வேண்டும்? – மயாமி வாசகர்

போவதற்கு பஹாமாஸ் வேளாண் துறையின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் தடுப்பூசி, சான்றிதழ் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள்.

திரும்பும்போது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யின், 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி பொருந்தும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நாய்க்கும் இதுதான். நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், சிடிசி-யின் நாய் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பி ரசீதை வைத்திருக்க வேண்டும். நான்கு மாதக் குட்டியோடு வார இறுதிக்குப் போனால் திரும்பி வர முடியாது. ஆட்களுக்கான இ-ஏபிஸ் (அமெரிக்கச் சுங்கத் துறைக்கு முன்கூட்டியே இணையத்தில் அனுப்பும் பயணிகள் விவரம்) பட்டியல் போகும்போதும் வரும்போதும் தனி. சுங்கத் துறைக்குத் தொலைபேசியில் வருகை நேரம் சொல்லும்போதே நாய் இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடந்த ஆறு மாதத்துக்குள் அந்த நாய் சென்னைக்கோ மதுரைக்கோ போய் வந்திருந்தால் கணக்கே வேறு. நாய் ரேபிஸ் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது. அப்போது கூடுதல் சான்றுகள் வேண்டும். வெளிநாட்டில் தடுப்பூசி போட்ட நாய் என்றால் குறிப்பிட்ட சில விமான நிலையங்கள் வழியாகத்தான் நுழைய முடியும். சின்ன விமானத்தில் அந்த வழி நடைமுறையில் அடைபட்டதுதான்.

கடலைத் தாண்டும்போது நாய்க்கும் மிதவைச் சட்டை போடுங்கள், கைப்பிடி மேலே தெரியும்படி. சீட் பெல்ட் கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்ற முடிகிறதா என்று வீட்டில் பழகிப் பாருங்கள்.

மேலே இருக்கும்போது சிறுநீர் கழித்துவிட்டால்? – நியூ ஜெர்சி வாசகர்

கம்பளத்தைத் துடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தரைக்கு அடியில் கசிந்து தங்கும் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். இறங்கியதும் கம்பளத்தைத் தூக்கி, நிறையத் தண்ணீரில் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, காயவைத்து, அடுத்த ஆய்வில் அந்தத் தரைத்தகட்டைத் திறந்து பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வாடகை விமானம் என்றால் மறைக்காமல் உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். வராமல் தடுக்க: அடியில் தண்ணீர் புகாத விரிப்பு, மேலே குட்டி நாய்களுக்கான உறிஞ்சும் தாள், ஏறும் முன் பதினைந்து நிமிட நடை. பறக்கும் நேரம் இரண்டு மணியைத் தாண்டாமல் பிரித்துக்கொள்ளுங்கள், எரிபொருள் நான்கு மணிக்கு இருந்தாலும் சரி.